சாமிக்கு விட்ட பல்

போன வாரம் தேன்மொழியை லேத் மெஷினுக்கு முன்னால் நிற்கவைத்துவிட்டு நாம் பாட்டுக்குக் கிளம்பிவிட்டோம். பாவம், அவள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். கையில் மில்காரர்கள் கொடுத்த நட்டு. எதிரே இப்போதுதான் கழற்றி வைத்த புது ஸ்குரு. குளுவாங் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பட்டறையில் சனிக்கிழமைக் காலை வெயில் ஏற ஆரம்பித்திருந்தது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கணவன் அர்ச்சுனன் இறந்துபோன பிறகு பட்டறையைத் தனியாளாக நடத்துகிறவள் தேன்மொழி. அந்த லேத், அவள் பிறப்பதற்கு வெகு முன்பே இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. அதைச் செய்த கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். போன மாதம் ஒரு நாள், மெஷினின் பக்கவாட்டில் சுழலும் பெரிய பல்சக்கரம் படாரென்று மூன்று துண்டாகத் தெறித்தது. ஒரு துண்டு அவள் கன்னத்தை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதி விழுந்தது.

அன்றோடு அர்ச்சுனனின் அண்ணன் மகேஸ்வரனுக்குத் தூக்கம் போயிற்று. மெஷினைக் கொடுத்துவிட்டு கெலாங் பாத்தாவில் தன் வீட்டோடு வந்து இருக்கச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றார். அவளுக்காக ஒரு ரூமுக்குப் பெயிண்ட் கூட அடித்துவிட்டார். அவள் அழுது, சண்டை போட்டு, கடைசியில் ஒரு தவணை வாங்கினாள். செம்பனை எண்ணெய் மில் கேட்டிருக்கும் ஸ்குருவைச் சனிக்கிழமைக்குள் ஒழுங்காகப் போட்டுக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் அன்று சாயந்திரமே லாரி வரும்.

சனிக்கிழமை வந்துவிட்டது.

தேன்மொழி நட்டை ஸ்குருவின் முனையில் வைத்துத் திருகினாள். முதல் சில சுற்று வழுக்கிக்கொண்டு போயிற்று. அவள் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்த நேரத்தில், கப்பென்று பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை.

"என்னா தேனு, ஏறிருச்சா?" பக்கத்து அரிசிக் கடையிலிருந்து நாத்தனார் ராஜம்மாவின் குரல் வந்தது. மகேஸ்வரனுக்கும் அர்ச்சுனனுக்கும் மூத்தவர் அவர்.

"ஏறல அக்கா."

"சனியன் பிடிச்ச மெஷினு. வயசாயிருச்சு அதுக்கு."

வயசா? அந்த ஒரு வார்த்தை தேன்மொழிக்குச் சுருக்கென்றது. மில்லிலிருந்து மாதிரிக்காகக் கொடுத்த பழைய ஸ்குருவை எடுத்துப் புதிதின் பக்கத்தில் படுக்க வைத்தாள். தலைப்பக்கம் மரைக்கு மரை ஒட்டி நின்றது. விரலை மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். நடுவில் கொஞ்சம் விலகல். வால் பக்கம் போனபோது, பழையதில் மேடு இருக்கும் இடத்தில் புதியதில் பள்ளம் இருந்தது.

அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

தேய்ந்த மெஷின் தப்புப் பண்ணினால் தப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். இது அப்படி இல்லையே! முதல் மரையில் ஒரு மயிரிழை, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று என்று கடைசி வரை ஒரே சீராக ஏறிக்கொண்டு போகிறது. யாரோ கொடுத்த தப்புக் கணக்கை அந்தக் கிழட்டு இரும்பு இம்மி பிசகாமல் போட்டுக் கொடுத்திருக்கிறது. அடேயப்பா, இதைப் போயா வயசாகிவிட்டது என்கிறார்கள் என்று அவளுக்கு நெஞ்சு விம்மியது.

மெஷினில் தப்பில்லை என்றால் சக்கரத்தில்தான் தப்பு.

உடைந்த சக்கரத்துக்கு மாற்று உலகத்தில் எந்தக் கடையிலும் இல்லை. அது இல்லாமலும் மெஷின் ஓடும், ஆனால் இஞ்சுக் கணக்கில் மட்டும்தான் மரை போடும். இந்தக் காலத்தில் எந்த மில்காரன் இஞ்சில் கேட்கிறான்? மகேஸ்வரனின் மகள் லோஷினிதான், அப்பாவுக்குத் தெரியாமல், தான் வேலை பார்க்கும் சிங்கப்பூர் ஃபேக்டரியில் புதுச் சக்கரம் ஒன்றை அறுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். தேன்மொழி கைபேசியை எடுத்து அவளை வீடியோவில் கூப்பிட்டாள்.

"சின்னம்மா! ஏறிருச்சா?"

"இல்லடி. பல்லுக் கணக்குல ஏதோ கோளாறு. எத்தன பல்லு போட்ட?"

"நூத்தி இருபத்தாறு. நீங்க அப்ப லாபிஸ்ல கல்யாணத்துக்குப் போயிருந்தீங்கல்ல? அத்தைதான் உடைஞ்ச துண்டுகள வச்சு எண்ணிச் சொன்னாங்க. ரெண்டு தடவ எண்ணுனாங்களாம்."

அத்தை என்றால் ராஜம்மா.

பட்டறை காலியானால் அரிசி மூட்டை அடுக்க இடம் கிடைக்கும் என்று ராஜம்மா போன தீபாவளிக்கு விளையாட்டாகச் சொன்னது தேன்மொழிக்கு ஞாபகத்துக்கு வந்தது. விளையாட்டாகத்தான் சொன்னாரா? நினைக்கவே கூடாது என்று தள்ளினாள். தள்ளத் தள்ள அந்த நினைப்பு வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது.

"அக்கா! அந்த உடைஞ்ச சக்கரம் எங்க வச்சிருக்கீங்க?"

ராஜம்மா பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஏன் தேனு, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"எண்ணுனது சரிதானா அக்கா?"

"என்னா கேள்வி இது? நாள் முழுக்க எண்ணிக்கிட்டே இருக்கறவ நான். எனக்கு எண்ணத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

ராஜம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். வியாபாரம் செய்கிற மனுஷிக்கு எதிராளியின் குரல் புரியாதா? "நான் வேணும்னே தப்பாச் சொன்னேன்னு நெனைக்கிறியா?"

தேன்மொழி டின்னைத் திறந்து துண்டுகளைத் தரையில் எடுத்து வைத்தாள். அதுவே பதிலாகிவிட்டது.

"சரி." ராஜம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூன்று துண்டுகளையும் வட்டமாகச் சேர்த்து வைத்தார். கண்ணில் லேசாக நீர் கோத்திருந்தது. "உன் கண்ணு முன்னாலயே எண்ணறேன். சாக்பீஸ் குடு. லோஷி, நீயும் பாரும்மா."

தேன்மொழி கைபேசியைச் சாய்த்துப் பிடித்தாள். ராஜம்மா முதல் பல்லில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

"லாபம்."

அடுத்த பல். "ஒண்ணு." அதற்கடுத்தது. "ரெண்டு. மூணு. நாலு..."

"அக்கா, நிறுத்துங்க."

"ஏன், இப்பத்தான ஆரம்பிச்சேன்?"

"அந்த மொதப் பல்லு?"

"அது லாபம்."

"லாபம்னா?"

"சாமிக்கு" என்றார் ராஜம்மா, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

அரிசி அளக்கிறவர்கள் யாரும் 'ஒண்ணு' என்று ஆரம்பிப்பதில்லை, உங்களுக்கும் தெரியும். முதல் படிக்கு 'லாபம்' என்பார்கள், அடுத்ததற்கு 'ரெண்டு' என்பார்கள். கணக்கு சரியாகிவிடும். நம்ம ராஜம்மா அதிலும் ஒரு படி மேலே. லாபம் என்று ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் ஒண்ணிலிருந்து ஆரம்பிப்பார். அந்த முதலாவது சாமி பெயரைச் சொல்லி வாங்குகிறவருக்குப் போகும். அரிசியானாலும் வாழைப்பழமானாலும் வெற்றிலையானாலும் அதே கணக்குதான். அவர் கடையில் கூட்டம் கூடுவதற்குக் காரணமே அதுதான். கை பழகிய பழக்கம் இரும்புச் சக்கரம் என்று பார்க்குமா?

கைபேசிக்குள்ளிருந்து லோஷினி கத்தினாள். "அலமாக்! அத்தை, சாமிக்கா ஒரு பல்ல விட்டீங்க?"

"ஏன், கூடாதா?"

தேன்மொழிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து ராஜம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான் உங்கள என்னமோ நெனச்சுட்டேன். தப்பு. என்னை நாலு அறை அறைங்க."

"நீ நெனச்சது இருக்கட்டும்டி. நான் பண்ணி வச்சிருக்கறதப் பாரு. ஐயோ, ஒரு பல்லுல உன் பொழப்ப விட்டுட்டேனே!" ராஜம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க" என்றது கைபேசி. லோஷினியின் குரல் மாறியிருந்தது. "அப்ப நூத்தி இருபத்தேழு. சின்னம்மா, நூத்தி இருபத்தேழு! எனக்கு அப்பவே தோணியிருக்கணும். உங்ககிட்ட இரும்பு ஸ்கேல் இருக்குல்ல? ஒரு பக்கம் இஞ்சு, மறு பக்கம் மில்லிமீட்டர்?"

"இருக்கு."

"அஞ்சு இஞ்சுல விரல வைங்க. எதிர்ப்பக்கம் என்னா இருக்குன்னு பாருங்க."

தேன்மொழி ஸ்கேலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு இஞ்சின் கோடு எந்த மில்லிமீட்டர் கோட்டிலும் உட்காரவில்லை. இரண்டும் உட்காரவில்லை. மூன்றும் நான்கும் அப்படியே. ஐந்தில், இரண்டு பக்கத்துக் கோடும் ஒரே கோடாக நின்றது. எதிரே எண்ணிப் பார்த்தாள். நூற்றி இருபத்தேழு.

"ரெண்டு அளவும் மொத மொத நேருக்கு நேரா சந்திக்கிற இடம் அதான் சின்னம்மா. அதுக்கு முன்னால எங்கயும் முழுசா சேராது. அதனாலதான் அத்தன பல்லு. இஞ்சு மட்டும் தெரிஞ்ச மெஷினுக்கு அந்த ஒரு சக்கரத்த மாட்டுனா மில்லிமீட்டர் பேசும். ஒரு பல்லு குறைஞ்சா பேசாது, உளறும்."

தேன்மொழி ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷமாகக் கையில் புரண்ட ஸ்கேல்! எவனோ ஒருவன், எந்தக் காலத்திலோ, உலகத்தில் இரண்டு விதமாக அளக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று யோசித்து, இரண்டு பேரையும் ஒரு சக்கரத்தில் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் பெயர் கூட யாருக்கும் தெரியாது. அவளுக்குக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

"லோஷி, இன்னிக்கே இன்னொண்ணு அறுக்க முடியுமாம்மா? சாயந்திரம் உங்கப்பா லாரியோட வர்றாரு."

லோஷினி தன் தோளுக்குப் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"முடியும். நான் பாத்துக்கறேன்லா."

வெயில் தாழ்ந்த நேரத்தில் லாரி வந்து நின்றது. முன்னால் காரிலிருந்து மகேஸ்வரன் இறங்கினார். கூடவே ஜோகூர் பாருவில் புதுக் கஃபே திறக்கப்போகும் ஷாநவாஸ், வெள்ளைச் சட்டையும் புன்னகையுமாக இறங்கினார். மெஷினை அவர் ஓட்டுவதற்காக வாங்க வரவில்லை. அதன் மேலே கண்ணாடி போட்டு மேசையாக்கி, காப்பி வைக்கப் போகிறாராம்.

"ஸ்குரு எங்க?" என்றார் மகேஸ்வரன்.

தேன்மொழி காலையில் போட்டதைக் காட்டினாள். அவர் நட்டைத் திருகினார். கப்பென்று பிடித்துக்கொண்டது. அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். "போதும் தேனு. நீ முயற்சி பண்ணலன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. நம்ம வீட்டுக்கு வந்து நிம்மதியா இரு."

"எனக்கு இதுதான் மாமா நிம்மதி. அங்க வந்தா உங்க எல்லாருக்கும் நான் விருந்தாளி. எத்தன வருஷத்துக்கு விருந்தாளியா இருக்க முடியும்? இன்னிக்கு விளக்கு வைக்கிற வரைக்கும் டைம் குடுங்க. சக்கரம் வந்துக்கிட்டிருக்கு."

"எங்கிருந்து வருது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ராஜம்மா இடையில் பாய்ந்தார். "முதல்ல எல்லாரும் வந்து சாப்பிடுங்க. தம்பி, உங்களத்தான். டிரைவரையும் கூப்பிடுங்க."

"இல்லம்மா, நாங்க சாப்பிட்டாச்சு" என்றார் ஷாநவாஸ்.

"புரட்டாசி சனிக்கிழம. வீட்ல சுத்த சைவம், பயப்படாம உக்காருங்க. அரிசிக் கடைக்காரி வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு வெறும் வயித்தோட போனா ஊரு என்னையப் பத்தி என்னா பேசும்?"

செய்த தப்புக்குப் பிராயச்சித்தமாக ராஜம்மா அன்று போட்ட சாப்பாடு இருக்கிறதே! சாம்பார் முடிந்து ரசம், ரசம் முடிந்து மோர், மோர் முடிந்து பாயசம். ஷாநவாஸ் இலையை மூடப்போகும்போதெல்லாம் இன்னொரு கரண்டி விழுந்தது. லாரி டிரைவர் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டார். மகேஸ்வரன் மட்டும் வாசலையே பார்த்தபடி பிசைந்துகொண்டிருந்தார்.

இரண்டாவது பாயசம் ஊற்றும்போது வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"நீ எங்கடி இங்க?" மகேஸ்வரன் எச்சில் கையோடு எழுந்தார்.

லோஷினி ஹெல்மெட்டைக் கழற்றினாள். சிங்கப்பூரிலிருந்து வரும் செகண்ட் லிங்க் பாலத்து நெரிசலில் வெந்து முகம் சிவந்திருந்தது. அப்பாவைத் தாண்டிப் போய், துணியில் சுற்றியதைத் தேன்மொழியின் கையில் வைத்தாள். பிரித்ததும் பளபளவென்று புதுச் சக்கரம்.

"நீயா இதச் செஞ்சே? எனக்குத் தெரியாம?"

"உங்களுக்குத் தெரிஞ்சா விட்டிருப்பீங்களாப்பா?"

"பெத்த பொண்ணே எனக்கு எதிர்க்கட்சி! நல்லா இருக்குலா!" என்று அவர் கத்தினார். கத்தினாரே தவிர, அவர் கண் அந்தச் சக்கரத்தை விட்டு நகரவில்லை.

தேன்மொழி அதை மாட்டினாள். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையை நகர்த்தி, பல்லோடு பல் கோத்து இறுக்கினாள். பிறகு மூலையிலிருந்து கனமான தகட்டு மூடி ஒன்றைத் தூக்கி வந்து, சக்கரங்கள் எல்லாம் மறைகிற மாதிரி பூட்டினாள். மகேஸ்வரன் அதை விரலால் தட்டிப் பார்த்தார். கெட்டித் தகடு.

"இது எப்ப செஞ்ச?"

"போன வாரம். இனிமே தெறிச்சா உள்ளயே கிடக்கும். நீங்களும் தூங்கணும்ல மாமா."

மகேஸ்வரன் மூடியை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு ஒரு ஓரமாக நின்றார்.

மில் கொடுத்திருந்த கம்பிகளில் மீதி இருந்தது ஒன்றுதான். அதை மாட்டி மெஷினைப் போட்டாள். வெட்டும் டூல் கம்பியின் மேல் மெல்லிய கோடு ஒன்றைக் கீறிக்கொண்டு போயிற்று. முனை வந்ததும், பிடியை விடாமல் மெஷினைப் பின்பக்கமாக ஓட்டித் திரும்பக் கொண்டுவந்தாள். இந்த வேலையில் நடுவில் பிடியை விட்டால் தடம் தொலைந்துவிடும். மறுபடி ஒரு மயிரிழை ஆழம். மறுபடி பின்னால். ஒவ்வொரு தடவையும் டூல் போன தடத்திலேயே போயிற்று. சுருள் சுருளாக இரும்பு உதிர, கோடு பள்ளமாயிற்று, பள்ளம் மரையாயிற்று.

ஷாநவாஸ் கையில் பாயசக் கிண்ணத்தோடு எப்போது உள்ளே வந்தார் என்று யாருக்கும் தெரியாது. "மாஷா அல்லாஹ்" என்றார் மெதுவாக. "இத ஓடவே பாத்ததில்லம்மா நான். படத்துலதான் பாத்தேன். இது மேலயா கண்ணாடி போடப் போனேன்!"

கடைசி ஓட்டம் முடிந்து மெஷின் நின்றது. தேன்மொழி ஸ்குருவைத் துடைத்து, நட்டோடு சேர்த்து மகேஸ்வரனிடம் நீட்டினாள். "நீங்களே போடுங்க மாமா."

அவர் நட்டை முனையில் வைத்துத் திருகினார். முதல் சில சுற்று போயிற்று. காலையில் பிடித்த இடம் வந்தது. ராஜம்மா கண்ணை மூடிக்கொண்டார். நட்டு நிற்கவில்லை. மகேஸ்வரன் விரலால் சுண்டினார், அது சுழன்றுகொண்டே முன்னால் போயிற்று. இன்னொரு சுண்டு. கடைசி மரையையும் தாண்டி அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

அவர் நட்டையே பார்த்தார். மறுபடி முதலிலிருந்து மாட்டினார். மறுபடி சுண்டினார்.

"தம்பி" என்றார் ஷாநவாஸைப் பார்த்து. "லாரிய வெறுமனே அனுப்ப வேண்டியிருக்கும்போல. மன்னிச்சுக்கங்க."

"நீங்க குடுத்தாலும் இனிமே நான் தூக்க மாட்டேன் அண்ணே."

ராஜம்மா தேன்மொழியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். இது என் இடம், என்னை இனி யாரும் இங்கிருந்து பெயர்க்க முடியாது என்று தேன்மொழிக்கு உரக்கச் சொல்ல வேண்டும்போல இருந்தது. மெஷினின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இரும்பு இன்னும் சூடாக இருந்தது.

வெளியே தூறல் விழ ஆரம்பித்தது. லோஷினியின் பை மோட்டார் சைக்கிள் மேலேயே கிடப்பதைப் பார்த்து, நனையப் போகிறதே என்று தேன்மொழி ஓடிப்போய் எடுத்தாள். கனம் தாங்கவில்லை. பாதி திறந்திருந்த ஜிப்புக்குள் ஒரு காப்பிக் கோப்பை தெரிந்தது. ஃபேக்டரியில் போடும் கனத்த காலணி தெரிந்தது. அதற்கடியில், வேலை மேசையில் வைத்திருக்கும் சட்டம் போட்ட படம். பட்டமளிப்பு உடையில் லோஷினியும், அவள் தோளில் கை போட்டபடி மகேஸ்வரனும்.

பின்னாலேயே வந்த லோஷினி சட்டென்று நின்றாள்.

"என்னாடி இதெல்லாம்?"

"சின்னம்மா, சத்தம் போடாதீங்க."

"லோஷி..."

"மொதத் தடவ யாரும் பாக்கல. இன்னிக்கு மேனேஜர் பாத்துட்டாரு. கேக்காம மெஷின எடுத்தது என் தப்புத்தான், அவரக் குறை சொல்ல முடியாது. அறுத்து முடியற வரைக்கும் பக்கத்துலயே நின்னாரு. சக்கரத்த எடுத்துக்கச் சொன்னாரு. அப்புறம் ஃபேக்டரி கேட்ல காட்டற என் பாஸக் கேட்டு வாங்கிக்கிட்டாரு." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்பாகிட்ட இன்னிக்குச் சொல்லாதீங்க."

தேன்மொழி பையை மார்போடு அணைத்துக்கொண்டு தூறலில் நின்றாள்.

உள்ளேயிருந்து மகேஸ்வரனின் குரல் வந்தது. நட்டு சுழலும் சத்தத்துக்கும் மேலே, ஷாநவாஸுக்கும் டிரைவருக்கும் தெருவுக்கும் கேட்கும்படி அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "என் பொண்ணு செஞ்சது தம்பி! சிங்கப்பூர்ல பெரிய வேல. அவ இல்லன்னா அங்க ஒண்ணும் ஓடாது!"